உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது கழுவித் திருப்பித் தரும்வரை கதிரையில் கிடப்பேன். இடது கையில் இரண்டு ஊசி. கையை மடக்கினால் இயந்திரம் கத்தும். கையை என்னால் அடக்க முடியும். கால்தான் சொல்வழி கேட்காது. கம்பளிக்குள் அது தன் பாட்டில் உதறிக்கொண்டிருக்கும். நான் சின்ன வயதிலிருந்தே ஒரு இடத்தில் இருக்கத் தெரியாதவன். வீட்டில் தொலைக்காட்சியைக்கூட நின்றுகொண்டுதான் பார்ப்பேன். அப்படிப்பட்டவனை நாலு மணித்தியாலம் கட்டிப்போட்டால் விசர் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு தொலைக்காட்சி. ஹொக்கி போட்டால் ஒருவர் முகத்தைச் சுளிப்பார், செய்தி போட்டால் இன்னொருவர் கம்பளியை இழுத்துத் தலையை மூடுவார். பிரெஞ்சா, ஆங்கிலமா என்ற சண்டை வேறு. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு. பிரித்தானியாவின் பழைய சாப்பாடுகளைக் கொண்டாடுகிற நிகழ்ச்சியாம். சிவந்த கன்னமுள்ள சமையல்காரர் ஒருவர் ஊர் ஊராகப் போவார். ஒரு ஊரில் இறைச்சியை மாவால் மூடிச் சுட்ட ‘பை’ என்ற பண்டம், இன்னொரு ஊரில் ஆவியில் அவித்த புடிங். எதை வாயில் வைத்தாலும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவார்.

கொண்டாட இதில் என்ன கிடக்கிறது என்று தொடக்கத்தில் எனக்கு எரிச்சல். மிளகாய்த் தூள் இல்லை, புளி இல்லை, ஒரு கருவேப்பிலைகூட இல்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல்காரனுக்குக்கூட இதைவிட உறைப்பாகக் கொடுப்பார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நகரத்தில் ஒரு ஆங்கிலேயப் பாணி மதுச்சாலையில் கோப்பை கழுவினவன். இதே பையையும் மசித்த உருளைக்கிழங்கையும் மிச்சமாக எத்தனை ஆயிரம் தட்டிலிருந்து வழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். அப்போது ஒரு கவளம் வாயில் வைக்கத் தோன்றவில்லை. இப்போது பார்த்தால் வாயூறுகிறது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

காரணம் உருளைக்கிழங்கு. அந்த மனிதர் எந்த ஊருக்குப் போனாலும் கடைசியில் தட்டில் உருளைக்கிழங்கு வந்துவிடும், வெண்ணெய் உருகி வழிய. இயந்திரத்தில் கிடக்கிற எங்களுக்கு அது நஞ்சு. அதிலுள்ள பொட்டாசியத்தைக் கழிக்க எங்களிடம் சிறுநீரகம் இல்லை, கூடினால் இதயம் நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி கிழங்கைச் சீவி, ஊறவிட்டு, அவித்து, தண்ணீரை ஊற்றி, திரும்ப அவித்துத் தருவாள். அது கிழங்கல்ல, சக்கை. பாணோடு, தூள் போட்டு வதக்கின உருளைக்கிழங்குப் பிரட்டல் சாப்பிட்டே வளர்ந்தவனுக்கு அந்தச் சக்கையைப் பார்த்தால் அழுகை வரும். அழுதும் இருக்கிறேன், குசினியில் ஒருவரும் இல்லாத நேரம்.

பக்கத்துக் கதிரையில் ஓய்வுபெற்ற மெட்ரோ சாரதி ஒருவர். பிரெஞ்சைத் தவிர வேறு மொழி வாயில் எடுக்கமாட்டார். ஆங்கிலேயருக்குச் சமைக்கத் தெரியாது என்பது அவருடைய முடிந்த முடிவு. ஆனால் நிகழ்ச்சி தொடங்கினால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கொத்திறைச்சிக்கு மேல் மசித்த கிழங்கைப் பூசிச் சுட்ட அன்று துள்ளி எழும்பப் பார்த்தார்.

“இது என் அம்மா அடுப்பில் சுடுகிற பாத்தே சினுவா, எங்கள் ஊர்ச் சாப்பாடு. நடுவில் சோளம் போட மறந்துவிட்டு, தங்களுடையது என்று சொல்கிறார்கள், கள்ளர்.”

அவருடைய இயந்திரம் கத்தியது. தாதி ஓடிவந்து அவர் கையை நேராக்கி வைத்தாள்.

இவ்வளவும் வெளியே நடந்த கதை. எனக்குள் நடந்தது வேறு. புதுச் சிறுநீரகம் ஒன்று கிடைத்தால் இந்தக் கதிரையை விட்டு எழும்பலாம். முன்பின் தெரியாத யாரோ செத்து, அவருடையது எனக்குப் பொருந்தும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கலாம். அதுவரை உயிர் இருந்தால் சரி. அல்லது வீட்டில் யாராவது தரலாம். மனைவிக்குச் சீனி வருத்தம், அவளுடையதை எடுக்கமாட்டார்கள். பிள்ளைகளிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்காமலே முன்னுக்கு வந்தவள் என் தங்கச்சி. டொக்டர் சொல்லி முடிக்கும் முன்பே, “நான் தாறன்” என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்று டொக்டருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அப்பா போன பிறகு அவளைப் படிப்பித்தவன் நான். இங்கே கூப்பிட்டவன் நான். கோப்பை கழுவின கையால் அவளுக்குக் கலியாணம் செய்து வைத்தவன் நான். எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் கொடுக்கிறவன். தங்கச்சியிடம் கை நீட்டுகிறவனை ஆர் மதிப்பார்கள்? புறநகரில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவள் வீட்டுக்குப் போனால்கூட வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், கையில் ஒரு பெட்டி மாம்பழத்தோடு. தேத்தண்ணி ஒன்று குடிப்பேன், அவ்வளவுதான். அவள் ஒருமுறை குளிருக்கு நல்ல ஜக்கெட் ஒன்று வாங்கித் தந்தாள். இரண்டு நாள் போட்டுவிட்டு, அவள் மகனுக்கு அளவாக இருக்கும் என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படிப்பட்டவன் அவளுடைய வயிற்றைக் கிழித்து எடுத்ததையா வாங்குவது? செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன். உண்மையிலே சாகப் பயமாகத்தான் இருந்தது. இரவில் கால் உதறும்போதெல்லாம் பயம் வரும். பயந்துகொண்டே வேண்டாம் என்றேன்.

அவளும் விடவில்லை. மனைவிக்கு வேலை இருக்கிற நாளில் என்னைக் கூட்டிப்போக அவள்தான் கார் கொண்டு வருவாள். வேண்டுமென்றே நேரத்தோடு வந்து கதிரைக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வாள். நான் பேச்சுக் கொடுக்காமல் இருக்கத் தொலைக்காட்சியையே பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். சமையல்காரர் முட்டைக்கோசை அவிப்பதைப் பார்த்து, “பாவம், தாளிக்கிறதுக்கு ஆள் இல்லைப் போலை” என்பாள். சிரிப்பு வரும். சிரித்தால் கதை தொடங்கிவிடுவாள் என்று அடக்கிக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அவள் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வந்திருந்தாள். நிகழ்ச்சியில் சமையல்காரர் ஒரு இறைச்சிக் கடைக்குள் நுழைந்தார். இன்றைக்கு இந்த நாட்டின் ராஜாப் பை என்று முழங்கினார்: மாட்டிறைச்சியும் கிட்னியும் போட்டது. கடைக்காரர் மாட்டின் சிறுநீரகம் ஒன்றைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். இறைச்சிக்கு மட்டும் காசு எடுத்துவிட்டு, கிட்னியைச் சும்மா பொதிந்து கொடுத்தார். இதை இப்போது ஆரும் வாங்குவதில்லை, கேட்டால் சந்தோசமாகத் தருவேன் என்றார்.

வேலை செய்யாத கிட்னியோடு வரிசையாகக் கிடக்கிற மனிதர்களுக்கு முன்னால் அந்த ஆள் பளபளக்கிற ஒன்றைப் பலகையில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டுகிறார். தாதி பதறிப்போய் ரிமோட்டைத் தேடினாள்.

“விடு, விடு. கடைசியில் எங்களைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி வந்திருக்கிறது” என்றார் மெட்ரோ சாரதி.

அவ்வளவுதான். ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு மற்ற மூலைவரை போனது. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. நானும் வயிறு நோகச் சிரித்தேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

“பாத்தியளோ அண்ணை,” என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். “கடைக்காரன் குடுக்கிறான், அந்த மனிசன் வாங்கிறான். அவையளுக்குள்ளை ஒரு சண்டையும் இல்லை. நான் தாறன் எண்டால்தான் உங்களுக்கு ரோசம்.”

“விசர்க் கதை கதையாதை. மாடும் நீயும் ஒண்டோ?”

“என்ரை அவரும் ஓம் எண்டிட்டார். பிள்ளையளும் ஓம் எண்டிட்டினம்.”

“எனக்கு வேண்டாம் எண்டு சொல்லியாச்சு.”

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“படிப்பு நீங்கள் தந்தது. இஞ்சை வந்தது உங்களாலை. கலியாணமும் நீங்கள் செய்து வைச்சது. ஒரு ஜக்கெட் தந்தன், அதையும் திருப்பித் தந்திட்டியள். சாகும்வரைக்கும் நான் உங்களிட்டை வாங்கித் திண்டவள் எண்டே இருக்கச் சொல்லுறியளோ? எனக்கு ரோசம் இல்லையோ அண்ணை?”

இத்தனை வருடமாக ரோசம் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று இருந்திருக்கிறேன். அந்த ஜக்கெட்டைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழும்பி எங்கேயாவது நடந்துவிட வேண்டும் போலிருந்தது. கையில் ஊசி. கால் உதறியது. அவள் கம்பளிக்கு மேலாக என் முழங்காலைப் பிடித்து அமத்திக்கொண்டு இருந்தாள்.

திரையில் பையை வெட்டினார்கள். ஆவி பறந்தது. பக்கத்தில் ஒரு குவியல் மசித்த கிழங்கு. சமையல்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். மெட்ரோ சாரதியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் முடிந்து தாதி ஊசிகளைக் கழற்றினாள். இரத்தம் நிற்கும்வரை நான் பஞ்சை அமத்திப் பிடித்திருந்தேன். தங்கச்சி என் கோட்டை எடுத்து வந்து ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, மற்றக் கைக்காகக் காத்து நின்றாள்.

“போற வழியிலை ஏதும் வாங்கவேணுமோ அண்ணை?” என்றாள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தும் எப்போதும் கேட்கிற கேள்வி.

“உருளைக்கிழங்குப் பிரட்டல்,” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அண்ணி ரெண்டுதரம் அவிச்சுத் தாற மாதிரியோ?”

“இல்லை. அது வேண்டாம். சரியான பிரட்டல். இப்ப இல்லை, பேந்து. ரெண்டு பேருக்கும் எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பிறகு, உன்ரை வீட்டை வந்து சாப்பிடுறன்.”

அவள் கோட்டின் மற்றக் கையைப் பிடித்தபடியே நின்றாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு என் பஞ்சுக் கையை நோகாமல் உள்ளே நுழைத்து, பொத்தானை மாறிப் பூட்டினாள்.

“தூள் கூடப் போடட்டோ?” என்றாள்.

“போடு,” என்றேன்.