மாத்தக் கேட்டவ

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய செவன் கிங்ஸ் பக்கத்தில் ஒரு வங்கியில் இருந்த அந்தக் கவுண்டர்க்காரரை நினைத்தால் இன்றும் எனக்கு வெறுப்புத்தான். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, பளபளக்கும் டை. வரிசையில் தமிழ் முகம் தெரிந்தால் போதும், டையை இழுத்துச் சட்டையில் குத்திய பெயர்த் தகட்டை மூடிக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் கணீரென்று தேவாரம் பாடுகிறவரும் அவர்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தன் வரியில்லாச் சேமிப்புக் கணக்கை, வட்டி கூடிய வேறொரு வங்கிக்கு மாற்றப் போனார்.

"அண்ணை, இதை மற்ற பாங்குக்கு மாத்த ஏலுமே?" என்று கேட்டிருக்கிறார்.

"இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றாராம் அவர்.

அக்கா தடுமாறி, "டேக் அவுட்" என்றிருக்கிறார். உடனே அந்த ஆள் கணக்கை மூடிக் காசோலையைக் கையில் கொடுத்துவிட்டார். அப்போதைய சட்டப்படி ஐந்து வருடம் முடியுமுன் மூடினால் வரிச்சலுகை போய்விடும். வங்கிக்கு வங்கி மாற்றினால் போகாது. அது அந்தக் கவுண்டர்க்காரருக்குத் தெரியும்.

மறுநாள் நானே போய், "அவ மாத்தத்தானே கேட்டவ?" என்றேன்.

அவர் குனிந்து, அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்: "தமிழிலை மாத்தத்தான் கேட்டவ. இங்கிலீசிலை எடுக்கவெல்லோ சொன்னவ."

அந்த வெள்ளியும் அவர் உருகி உருகித் தேவாரம் பாடினார். ஒரு சொல்லில்கூடப் பிழையில்லை. நான் பாதியில் எழுந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.