மீட்டரம்மா வாங்கிய கவர்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை பத்தரை மணிக்குக் குடிநீர் அலுவலகத்தில், உதவிப் பொறியாளரின் அறையில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பதைக் கடந்த பெண்மணி. சேலைக்குமேல் கணவரின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தார். ஒரு கையில் டார்ச் விளக்கு. மறுகையில் முனை வளைந்த இரும்புக் கம்பி. உட்காரச் சொன்னதும், கம்பியை எங்கே வைப்பது என்று மேசையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மடியிலேயே கிடத்திக்கொண்டார்.

மூன்று தெருக்கள் கொண்ட ஒரு சிறு குடியிருப்பில் வீடுவீடாகச் சென்று, தண்ணீர் மீட்டர் காட்டும் அளவைக் குறித்து வருவது அவர் வேலை. அங்கே அவருக்கு மீட்டரம்மா என்று பெயர். அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. பல ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். அவரை நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகி, கையொப்பத்துக்காகப் பொறியாளரின் மேசையில் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் ஒரு புகார் வந்து சேர்ந்தது. விசாரணையில் பேசப்படுவதைக் குறித்துக்கொள்ளப் பிரிவு எழுத்தராகிய என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

பொறியாளர் நல்ல மனிதர். கடுமையாகப் பேச வராது. தொண்டையைச் செருமியே கொஞ்ச நேரத்தை ஓட்டினார்.

“வீடு வீடா கவர் வாங்கறீங்கன்னு சொல்றாங்களே, உண்மையாம்மா?”

“ஆமா சார்.”

என் பேனா நின்றுவிட்டது. மறுப்பார், அழுவார், பிள்ளைமேல் சத்தியம் செய்வார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தோம்.

“எல்லா வீட்டுலயுமா?”

“நாலஞ்சு வீட்டுல குடுக்க மாட்டேங்கறாங்க சார். நானும் விடாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“குடுத்ததைக்கூட செல்லாதுன்னு திருப்பிக் குடுத்தீங்களாமே?”

“சத்தம் வந்தா திருப்பிக் குடுத்துடுவேன் சார். சத்தமில்லாம இருந்தாத்தான் வாங்குவேன்.”

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

“வாங்கி என்னம்மா பண்றீங்க?”

“என் கொழுந்தனார்கிட்ட குடுத்துடுவேன். அவர் உருக்கிடுவார்.”

“பணத்தை எப்படிம்மா உருக்குவாங்க?”

“பணமா? ஏது சார் பணம்?” என்றவர், அப்போதுதான் எங்கள் இருவரின் முகத்தையும் சரியாகப் பார்த்தார். “பிளாஸ்டிக் கவர் சார். பால் வருமே, பருப்பு வருமே, அந்தக் கவர். உங்க வீட்டம்மாகூட மாசாமாசம் குடுக்கறாங்க. உங்க வீட்டுதுதான் சார் இருக்கறதுலயே பெரிய கவர்.”

பொறியாளருக்குச் சிரிப்பு வந்ததா, வியர்வை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

பலபொருள் ஒருசொல் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறேன். ஒரே சொல் கடையில் பையாகவும் அஞ்சலில் உறையாகவும் அலுவலகத்தில் கையூட்டாகவும் திரியும்போது, அது ஒருவருடைய வேலைக்கே உலை வைக்கக்கூடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அவர் கவர் சேர்க்கத் தொடங்கியது ஊரைத் திருத்துவதற்காக அன்று. தம் வேலை நடப்பதற்காக. அந்தக் குடியிருப்பு சரிவில் அமைந்தது. மீட்டர்கள் வாசலோரத்தில், சதுரக் குழிகளுக்குள் இருக்கும். மழை பெய்தால் மேல்தெருவின் பிளாஸ்டிக் பைகளெல்லாம் வழிந்து வந்து கீழ்தெருக் குழிகளில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வடியாது, மீட்டர் முகம் சேற்றில் முழுகிவிடும். ஒவ்வொரு குழியிலும் கம்பியை விட்டுப் பைகளை இழுத்துப் போட்டு, சேற்றை வழித்துத் துடைத்த பிறகே எண் தெரியும். மீன் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தவர்களிடம், “மீனா இருந்தா குழம்பாவது வைக்கலாம்” என்பாராம்.

தெருவில் வந்து சேர்வதைத் தெருவுக்கு வராமலே தடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொழுந்தனார் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். மெல்லிய பிளாஸ்டிக்கை உருக்கித் தோட்டங்களுக்கான கறுப்புக் குழாய் செய்பவர். அழுக்கும் ஈரமும் இல்லாமல் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மீட்டரம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பிக் கொக்கியை வளைத்துக் கொடுத்து, கழுவி உதறிக் காயவைத்த பைகளை அதில் குத்தி வைக்கச் சொன்னார். அளவு குறிக்க வரும்போது வாங்கிக்கொள்வார்.

எல்லாப் பையும் அந்தப் பட்டறைக்கு ஆகாது. அதற்கு அவர் வைத்திருந்த சோதனை எளியது: காதருகே கசக்கிப் பார்ப்பார். சரசரவென்று இரைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்; மெத்தென்று அடங்கினால் பைக்குள் போடுவார். “இது வாயாடி, நீங்களே வச்சுக்கோங்க. இது எங்க வீட்டுக்காரர் மாதிரி, வாயே திறக்காது, குடுங்க” என்பார். மின்பணியாளரான அவர் கணவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவர்தாம்.

திருப்பிக் கொடுத்ததில் ஒரு நன்மை விளைந்தது. நொறுக்குத்தீனி உறைகள் வீட்டிலேயே குவியத் தொடங்கியதும் பெண்கள் அலுத்துப்போனார்கள். “இந்த வாயாடியைக் கட்டிக்கிட்டு யார் அழறது?” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே டப்பாவில் அளந்து போட்டார். அந்தப் பருவமழையில் பாதிக் குழிகள் அடைக்கவில்லை.

இவ்வளவும் பொறியாளருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புகார் தலைமை அலுவலகம்வரை போயிருந்தது. அங்கிருந்த மேலாளர், அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசியிலேயே விதியைப் படித்தார்: பணியாளர் எவரும் பணிநேரத்தில் நுகர்வோரிடமிருந்து எந்தப் பொருளையும் பெறலாகாது.

“காலி கவர்தான் சார்” என்றார் பொறியாளர்.

“காலியோ, நிறைஞ்சதோ, பொருள்தானே? வாங்கறதை அந்தம்மா நிறுத்தணும். புகார் குடுத்தவர் வாபஸ் வாங்கணும். ரெண்டும் நடக்கறவரைக்கும் ஆணையில கையெழுத்துப் போடாதீங்க.”

மீட்டரம்மா கம்பியை மடியில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “நிறுத்திடறேன் சார். ஆனா மழை வந்தா அத்தனையும் மறுபடி என் குழியிலதான் வந்து உக்காரும்” என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், “நிரந்தரம்னு வீட்டுல சொல்லிட்டேன் சார். பொண்ணு படிப்பு அதை நம்பித்தான் இருக்கு” என்றார்.

புகார் கொடுத்தவர் ஒளிந்துகொள்ளவில்லை. பெயரும் வீட்டு எண்ணும் சொல்லியே பேசியிருந்தார். அண்மையில் நடுத்தெருவுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற தணிக்கையாளர். மறுநாள் நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். பிரிக்கப்படாத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகள். பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே திரும்பிப் பார்க்கவேண்டும்.

“என் காதால கேட்டதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டல, ஒரு எழுத்துக் குறைக்கல” என்றார் தணிக்கையாளர். “பக்கத்து வீட்டம்மா, மீட்டரம்மான்னு பேரு சொல்லியே பேசினாங்க. ‘போன மாசம் குடுக்கல, ரெண்டு மாசத்துக்கும் சேர்த்துக் குடுத்துட்டேன்’னாங்க. ‘குடுக்கலன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கும்’னாங்க. முப்பது வருஷம் கவரை ஒழிக்கத்தான் சார் நான் வேலை பார்த்தேன்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து அதே குரல் கேட்டது.

“ஏங்க, கொக்கியில இருக்கற கவர் காஞ்சுதா பாருங்க! ஈரமா இருந்தா மீட்டரம்மா வாங்காது!”

“இன்னும் சொட்டுது!”

“உதறிட்டு மாட்டுங்க! கவரை உதறக்கூடத் தெரியாத மனுஷனோட நான் குடும்பம் நடத்தறேன்!”

தணிக்கையாளர் என்னைப் பார்த்தார். “ஈரமான கவரா?” என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டு மதிற்சுவரின் உட்புறம் கம்பிக் கொக்கியில் பால் பைகள் சொட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, உங்க ஆபீசுக்குப் போவோம்” என்றார்.

அன்றைக்கு மீட்டரம்மாவின் வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை என்பது அலுவலகத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. முந்தின நாளே செய்தி அவருக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாராம்: “ஊரெல்லாம் கவர் வாங்கறவ, வீட்டுக்கு ஒண்ணு கொண்டுவந்து கண்ணுல காட்டினியா?” வாயே திறக்காத கணவர் அன்று வாய் திறந்து, “ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லிடு” என்றிருக்கிறார். மாமியார் சொன்னதைச் சிரித்துக்கொண்டு சொன்னவர், கணவர் சொன்னதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

தணிக்கையாளர் அதை நின்றபடியே கேட்டார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி, “இவங்க வாங்கக் கூடாதுன்னுதானே விதி? நான் வாங்கறேன். எனக்கு நிரந்தரமும் இல்ல, தற்காலிகமும் இல்ல. யாரும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். கடைசியாக மீட்டரம்மாவிடம், “தப்பு என் காதுமேல. இங்க சொன்னாப் போதாது. உங்க வீட்டுல எல்லாரும் இருக்கறப்ப நானே வந்து சொல்றேன்மா. இது நான் உங்களுக்குப் பட்ட கடன்” என்றார்.

“வாங்க சார்” என்றார் மீட்டரம்மா.

ஆணை உடனே கைக்கு வரவில்லை. கோப்பு தலைமை அலுவலகம் போய்த் திரும்புவதற்குள், அந்த முறை நிரந்தரமாக்கப்படுவோரின் பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த பட்டியலில்தான் அவர் பெயர் வந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் பணிமூப்பில் அவருக்கு முன்னால் போய்விட்டார். ஆணையை வாங்கிக்கொண்டபோது மீட்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தணிக்கையாளர் சொன்னபடியே கவர் வாங்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவண்டியோடு மூன்று தெருக்களும் சுற்றினார். “ரிடையர் ஆனப்புறம் கவர் வாங்க ஆரம்பிச்சிட்டீங்களே சார்!” என்று கிண்டல் செய்தவர்களுக்கு, “சர்வீஸ்ல விட்டதை இப்ப சேர்த்துப் பிடிக்கறேன்” என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார். அவருடைய செவிக்கு வாயாடிக்கும் மற்றதற்கும் வேறுபாடு சரியாகப் பிடிபடவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு முறை மூட்டை திரும்பி வந்தது. மூன்றாம் முறை, அளவு குறிக்க வந்த மீட்டரம்மா அவர் வாசலில் நின்று மூட்டையைப் பிரித்துக் கசக்கிக் காட்டினார். எந்தப் பொருளையும் பெறவில்லை. ஆகவே விதிக்கும் பழுதில்லை.

ஆனால் மீட்டரம்மாவின் வீட்டுக்குத் தணிக்கையாளர் போகவில்லை. போகவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஒரு முறை பாதி வழிவரை வந்து, கடையில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பியதைக் கொழுந்தனார் பார்த்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பிறர் கணக்கில் பிழை கண்டவருக்கு, ஒரு குடும்பத்தின் நடுவே நின்று தம் பிழையைச் சொல்ல நாக்கு எழவில்லை போலும். நாள் செல்லச் செல்ல அது இன்னும் கனத்தது. மாதந்தோறும் மீட்டரம்மா அவர் வாசலில் குனிந்து அளவு குறிக்கும்போது, “அம்மா, உங்க வீட்டுக்கு…” என்று தொடங்குவார். “இந்த மாசம் தண்ணி கம்மியாத்தான் ஓடியிருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

நான் ஒரு நாள் கேட்டேன், “நீங்களாவது ஞாபகப்படுத்தக் கூடாதா? உங்க வீட்டுக்காரருக்காகவாவது.”

“அவருக்கு நானே சொல்லிட்டேன் சார். நம்பிட்டார்” என்றார் மீட்டரம்மா. “இவர் வந்தா வரட்டும். வரலன்னா ஒரு டம்ளர் காபி மிச்சம். மூட்டையை ஒழுங்கா பிரிச்சுக் குடுத்தாப் போதும்.”

மாமியார் காலமாகும்வரை மருமகளின் கவரைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருந்தார். தணிக்கையாளர் வந்து சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியம் அவரிடமே இருந்துவிட்டது. மீட்டரம்மா அதைக் கேட்கவே இல்லை.