இறுத்து ஊற்றிய பெட்ரோல்

என் தாய்மாமா ஷார்ஜாவில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். எனக்குப் பதினோரு வயசில் லீவில் வந்தவர், கொல்லத்தில் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினார். குற்றாலத்துப் பக்கம் ஒரு குளத்தில் சீசனுக்கு ஓட்டுவது திட்டம். ஓடினால் இங்கேயே இருப்பேன், இல்லை என்றால் மறுபடி ஷார்ஜாதான் என்றார். அவர் இருக்க வேண்டும் என்று அம்மாவைவிட எனக்குத்தான் ஆசை.

படகு டேங்கில் மாசக்கணக்கில் கிடந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினார். கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தனியாக ஒரு கோடு நின்றது.

"பாத்தியாட்டி? இப்ப பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்காங்க. கெடந்தா தண்ணிய இழுத்துக்கிட்டு அடியில எறங்கிரும். பழைய ரப்பரையும் தின்னுரும்."

டியூபையெல்லாம் புதுசாக மாற்றினார். வடிகட்டி ஒன்று வைத்தார். புதுப் பெட்ரோல் ஊற்றினார். கேனை என்னிடம் தந்து, "ஒர்க்‌ஷாப்ல குடுத்துரு, சாமான் கழுவுவான். மேல உள்ளதும் ஆகாது" என்றார்.

எங்கள் வீட்டில் எதையும் கொட்டுகிற பழக்கம் இல்லை. வடை சுட்ட எண்ணெயை அம்மா ஆறவைத்து, கசடு அடியில் நிற்க, தெளிவை மட்டும் இறுத்து எடுப்பாள். நானும் அப்படியே செய்தேன். தெளிவை இறுத்துப் படகு டேங்கில் ஊற்றினேன். அடியில் கிடந்ததை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். மாமாவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். மதுரைக்காரக் குடும்பம் ஒன்று ஏறியது. பாதிக் குளத்தில் எஞ்சின் இருமியது, நின்றது.

"அண்ணாச்சி, எறங்கித் தள்ளணுமா?" என்று கரையில் ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்.

குளத்தில் படகு விடக் குத்தகை எடுத்திருந்தவர் கத்தினார். "ஏலே, ஓட்ட எஞ்சின வச்சுக்கிட்டா ஆள ஏத்துத? சாயங்காலத்துக்குள்ள ஓடும்னா சொல்லு. இல்லன்னா வேற படகு வருது."

மாமா டேங்கைக் காலி பண்ணி வேறு பெட்ரோல் ஊற்றினார். அப்போதும் இருமல்தான். கையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏட்டி, அந்தப் பழைய பெட்ரோல் இதுல கலந்துச்சா? கலந்திருந்தா கசடு கார்ப்பரேட்டர்ல அடைச்சிருக்கும், அதக் கழுவுனாப் போதும், அரை நாள் வேல. கலக்கலன்னா எஞ்சினே போச்சுன்னு அர்த்தம், கழுவியும் பிரயோசனமில்ல."

அவர் கை கறுப்பாக இருந்தது. முகமும் அப்படித்தான். எனக்குப் பயம்.

"இல்ல மாமா. ஒர்க்‌ஷாப்ல குடுத்துட்டேன்."

"அப்படியே குடுத்தியா?"

"ஆமா."

அவர் கார்ப்பரேட்டரைத் தொடவே இல்லை. குத்தகைக்காரரிடம் போய், "ஆகாது அண்ணாச்சி" என்றார். தென்காசியில் பழைய இரும்புக் கடைக்கு எஞ்சின் போனது. அந்த மாசமே அவரும் ஷார்ஜாவுக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். போனில் பேசுவார். நான் சொன்னதில்லை.

அன்றைக்கு எனக்குத் திட்டு விழவில்லை. தப்பித்தோம் என்று இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன். இருபது வருஷம் எஞ்சினோடு கிடந்த மனுசன், எஞ்சினைவிட என் பேச்சை நம்பினார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.