பாக்கியம் அத்தையின் பத்து மணி பிஸ்கட்

சீனி வருத்தக்காரருக்குப் போனில் ஆப் பழக்கிக் கொடுக்கும் வேலையில், நியாயம் கேட்பது சம்பளத்தோடு சேர்ந்ததில்லை. நான் அதைத்தான் அதிகமாகச் செய்தேன். காரணம், என் அப்பாவின் தங்கை, தேயிலைக் கொழுந்து எடுக்கும் பாக்கியம் அத்தை. கை நடுங்கி, மலையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்ட மனுஷியை, வேலை நேரத்தில் போன் பார்த்தாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா.

கெம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழக லீவில், வட்டகொடைப் பக்கம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்த வேலை இது. சாப்பிட்டது, நடந்தது, விரலில் குத்திப் பார்த்த சீனி அளவு எல்லாவற்றையும் ஆப்பில் பதியப் பழக்க வேண்டும். வீட்டில் ஒரு சீனிக்காரரையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு மாரடிக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சீனி போடாத தேத்தண்ணி

அத்தையின் அளவு இறங்குவதாகவே இல்லை. "தேநீரில் சீனி சேர்த்தீர்களா?" என்று ஆப் தினமும் கேட்கும். அத்தை தினமும் "இல்லை"யை அமுக்குவார். அதை நம்பி டாக்டர், அத்தை தினம் விழுங்கும் குளிசையைக் கூட்டினார். மிஸ்ஸியோ, "பொய் சொல்றீங்க அக்கா" என்று நர்ஸ் உடுப்பின் தைரியத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்கள் அத்தையா பொய் சொல்வார்? நான் மிஸ்ஸியோடு சண்டை போட்டுவிட்டு நேரே அத்தை குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன்.

அத்தை வெறும் தேத்தண்ணியை ஊற்றினார். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். ஒரு நக்கு, ஒரு மடக்கு. இந்த மலையில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறோம், நானும்தான். அதனால்தான் எனக்கும் அதுவரை உறைக்கவில்லை. "அத்தை, இது சீனி இல்லையா?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீனிதான் புள்ள. தேத்தண்ணியில போட்டியான்னுதானே அது கேட்டுச்சு. கையில வச்சியான்னு கேட்கலையே."

பட்டியலில் இல்லாத ரொட்டி

ஆப்பின் சாப்பாட்டுப் பட்டியலில் இட்லி இருக்கிறது, ஓட்ஸ் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்திராத நான்கு வகைப் பழம் இருக்கிறது. காலையில் தோட்டமே தின்னும் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லை. யாருடைய வயிற்றை நினைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அதே வருத்தத்துக்கு என்னிடம் ஆப் பழகிய, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஸ்டெல்லா டீச்சர் மட்டும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். காலைச் சாப்பாடு என்ற கட்டத்தை அவர் ஒரு நாளும் நிரப்பியதில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டேன். "பட்டியல்லயே இல்லாத ரொட்டி வயித்துல மட்டும் எப்படித் தங்கச்சி இருக்கும்?"

உட்கார்ந்தே இருக்கிறீர்கள்

அத்தை போனை லயத்தில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஆப் புத்திமதி சொல்லும்: "இன்று நீங்கள் அதிக நேரம் உட்கார்ந்தே இருந்தீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே." கூடையைச் சுமந்து நாளெல்லாம் மலையேறி இறங்குகிற ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா இது? ஆப்பைச் செய்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கண்டனம் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. அத்தை கண்டனம் எதுவும் எழுதவில்லை. மறுநாள் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் நடக்கிறது இதுக்குத் தெரியணும்னா இதுவும் கொழுந்தெடுக்க வரட்டும்."

மலையில் அடித்த மணி

கையில் வைத்து நக்கும் சீனியை அத்தை விட்டார். விட்ட பிறகு, கூட்டிய குளிசை அதிகப்படியாகிவிட்டது. அளவு ரொம்பக் கீழே போகப் பார்த்தது. டாக்டர் குளிசையைக் குறைத்துவிட்டு, அடுத்த கிளினிக் வரைக்கும் பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். நான் ஆப்பில் மணி வைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு அது அடித்தபோது அத்தைக்கு ஏற்கெனவே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, போனை எடுத்து மணியை நிறுத்தி, பிஸ்கட்டைப் பிரித்தார். கீழே ரோட்டில் நின்ற கண்டாக்குக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள், கையில் போன். கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பக்கத்து லயத்துக்காரி கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டி வந்தாள். பிஸ்கட் தின்ற பிறகும் அளவு கீழேதான் இருந்தது. முன்பு பொய் என்று சொன்ன அதே மிஸ்ஸி, குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நல்ல காலம் அக்கா, அந்த பிஸ்கட்டைத் தின்னீங்க. இல்லாட்டி தேயிலைக்குள்ளேயே விழுந்து கெடந்திருப்பீங்க."

பெரட்டில் நடந்த வழக்கு

அத்தை பிழைத்ததில் எனக்கு வந்த நிம்மதி ஒரு ராத்திரிதான் தாங்கியது. இனி போன் மலைக்கு வரக்கூடாது என்று கண்டாக்கு சொல்லியிருந்தார். போன் இல்லையென்றால் மணி இல்லை, மணி இல்லையென்றால் அத்தை சாப்பிட மறப்பார், மறந்தால் விழுவார். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கே போய்விட்டேன்.

"குளவி கொட்டினா ஆளை மலையை விட்டு இறக்கி மருந்து குடுக்கிறீங்க ஐயா. இது உள்ளுக்குள்ள கொட்டுற குளவி," என்று ஆரம்பித்து, மிஸ்ஸி பதிந்த அளவை ஆப்பில் காட்டினேன். கண்டாக்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. அத்தையிடம் திரும்பி, "நடுங்குதுன்னு அப்பவே ஏன் சொல்லல?" என்றார்.

"வாய் நெறைய பிஸ்கட்டுங்க ஐயா," என்றார் அத்தை. கொழுந்துக்காரிகள் சிரித்துவிட்டார்கள், கண்டாக்குக்கும் உதடு ஓரம் அசைந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். தொழிலாளர் உரிமை, பெண்களின் ஆரோக்கியம், மலையில் கழிப்பறை இல்லாதது என்று வரிசையாக எடுத்துவிட்டேன். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

வழக்கில் அத்தை ஜெயித்தார், தண்டனை எனக்கு வந்தது என்பதால், கண்டாக்கு கடைசியாகச் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் தருகிறேன்: "சரி, மணி அடிச்சா பாக்கியம் எங்க நின்னாலும் உட்கார்ந்து சாப்பிடட்டும், போனும் தாராளமா மலைக்கு வரட்டும்; இந்தக் கெம்பஸ் புள்ள மட்டும் இனி பெரட்டுக்கு வர வேணாம்."