அக்காவுக்காகக் கட்டிய சாய்வுப்பாதை

அடுத்தவர் பயன்படுத்தப்போகும் ஒன்றை யாராவது மும்முரமாகச் செய்துகொண்டிருந்தால், எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் வந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஞாபகம் வரும்.

என் அக்காவுக்குச் சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் விளங்காது. கோவிலுக்குப் போனால் சக்கர நாற்காலியை வெளிப் படிக்கட்டின் கீழே நிறுத்திவிட்டு, ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். நல்ல மனத்தோடுதான் தூக்கினார்கள். ஆனால் புடவை விலகும். யார் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது.

"சாமி கும்பிடப் போறேனா, பாசார் காய்கறி மூட்டையா போறேனா?" என்பாள். கடைசியில் போவதையே நிறுத்திவிட்டாள்.

கோவில் தலைவர் லோரி வைத்துத் தொழில் செய்தவர், ஈர நெஞ்சுக்காரர். "தங்கச்சி தானா வர்ற மாதிரி ரேம்ப் போட்டுருவோம்லா" என்றார். சனி ஞாயிறுகளில் எல்லோரும் சேர்ந்து சிமெண்டு குழைத்தோம். மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்று நீளமாகவே போட்டோம். சக்கரம் வழுக்காமலிருக்க, ஈரச் சிமெண்டில் தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்தோம். எங்களுக்கு ஒரே பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை சக்கரங்களைக் கழுவிவிட்டு, அக்கா பச்சைப் பட்டு உடுத்திச் சாய்வுப்பாதையில் ஏறினாள். பின்னாலிருந்து தள்ளப் போனேன்.

"கைய எடு தம்பி."

தானே உருட்டிக்கொண்டு மேலே போனாள். போய் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

எட்டிப் பார்த்தேன். வாசல் நிலையின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் படி. மிதிக்கக்கூடாது என்று நாங்கள் பிறந்ததிலிருந்து தாண்டிப்போகும் படி. சாய்வுப்பாதையை நேரே அதில் கொண்டுபோய் முட்டியிருந்தோம். சிமெண்டு வாளியோடு எத்தனை தடவை அதைத் தாண்டியிருப்போம். கால் பாட்டுக்குத் தாண்டிற்று, கண் பார்க்கவேயில்லை.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு பாஸ்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சரி, ஒரே ஒரு தூக்குலா. வாங்கப்பா."

கைகள் நீண்டன.

"தொடாதீங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். நீண்ட கைகள் அப்படியே நின்றன.

"ஏண்ணே, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டிருந்தா இந்தச் சேரோட வந்து பாத்திருப்பேனே. வீடு அடுத்த சந்துலதான இருக்கு?"

அவளுக்காகக் கட்டினோம், அவளைக் கேட்கவில்லை. கூடப் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி, யாரும் மிதிக்காத அந்தப் படியில் உட்கார்ந்தாள். குருக்கள் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பட்டுப்புடவையை ஒதுக்கி, ஒரு காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு மற்றொன்றை. கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்து உள்ளே போனாள். போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அந்தச் சேரைத் தூக்குங்கண்ணே. பாத்து, அதுக்கு வலிக்கப்போவுது."

தலைவர் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. தானே தூக்கிக்கொண்டு போனார்.