என் மகள் கையில் விரல் தடம்

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற சமயம். நானும் வீட்டுக்காரரும் கூலிக்குப் போய்விடுவோம். நாலு வயது மகள் மாமியாரோடு இருப்பாள்.

ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை வாரும்போது பார்த்தேன், மேல்கையில் நீலமாக விரல் தடம். யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி. மறுநாள் தொடையில், அப்புறம் தோளில். யாரும் அடிக்கவில்லை என்றாள். ஆள் மட்டும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள்.

“காத்து கருப்பு புள்ளைய கிள்ளிக்கினு இருக்குது” என்று மாமியார் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். வீட்டுக்காரரோ என் வலக்கையை இழுத்து, அந்தத் தடத்தின் மேல் விரல் விரலாக வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது.

“இன்னாடி பண்ண புள்ளைய?” என்றார்.

அதைவிடக் கொடுமை, எனக்கே என்மேல் சந்தேகம் வந்ததுதான். தூக்கத்தில் எழுந்து நான்தான் ஏதாவது செய்கிறேனோ? வலக்கையைக் கட்டில் காலோடு முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கிறது. பிள்ளையின் முதுகில் புதுசாக ஒரு தடம்.

காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கயிறு இறுக்குகிறதே என்று நர்சம்மா அதை அறுத்தார். அடியில் ஊசியால் குத்தினாற்போல வளையமாகச் சிவப்புப் புள்ளிகள். அவர் முகம் மாறிவிட்டது.

“இது அடியும் இல்ல, காத்தும் இல்லம்மா. ரத்தத்துல இன்னாமோ இருக்குது. இப்பவே கள்ளக்குறிச்சிக்குப் போங்க.”

அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

“நோயை எதிர்க்கிற செல்லுங்க வளர வளர, அதுங்க மேல இருக்கிற அடையாளம் மாறணும்மா” என்றார் டாக்டர். “இதுங்க குழந்தை அடையாளத்தோடவே நின்னுட்டு, பெருகிக்கிட்டே போகுது. ரத்தத்தை உறைய வைக்கிற அணுவுக்கு இடமே இல்ல. அதான் லேசா பட்டாலே கன்னிப்போகுது. ஆனா, எந்த மருந்து குடுக்கணும்னு அந்த அடையாளமே சொல்லிடுச்சி.”

பகலில் நான் தூக்கியதும் குளிப்பாட்டியதும்தான் விடிவதற்குள் தடமாகக் கன்றியிருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அவளைக் காக்க வேண்டியதுகளே வளராமல் உள்ளே கூடிக்கொண்டிருந்திருக்கின்றன.

வருஷக்கணக்கில் மருந்து. மகள் பிழைத்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். நோய் இன்னதென்று தெரிந்த அன்றைக்கே வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனசு ஆறிவிட்டது. ஆனாலும் ஜடை பின்னும்போது அவள் தோளில் என் விரல் கொஞ்சம் அழுந்திவிட்டால், சட்டென்று எடுத்துத் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு தப்பும் செய்யாத இந்தக் கைக்கு இன்னும் பயம் விடவில்லை.