நெற்றித் தழும்பு

"நாலு வருசத்திலை நீங்கள் எப்பிடி வளர்ந்தியள் எண்டு ஒரு பக்கம் எழுதுங்கோ" என்று வடிவமைப்பு விரிவுரையாளர் சொன்னதும் லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்ந்ததாம்!

முதலாம் வருசம் அவளின் ஊரான குருநகரில் ஆர் செத்தாலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அவள்தான் செய்வாள். சாரத்தோடு கடலுக்குப் போன மனிசருக்குப் படத்தில் கோட்டு மாட்டி, முகத்தை வெள்ளையாக்கிக் கொடுப்பாள். சனம் அதைத்தான் கேட்டது. இரண்டாம் வருசம் அவளுடைய அப்பா மரியநாயகம் கடலில் மூழ்கிச் செத்தார். அவர் நேரே பார்க்கிற படம் அவளின் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருக்கும் கோட்டு மாட்டினாள். வெயில் கறுப்பை எடுத்தாள். வள்ளக் கயிறு நெற்றியில் கிழித்த தழும்பைத் துப்புரவாக அழித்தாள். செத்தவீட்டு அவசர அந்தரத்தில் பழைய படத்தின் மேலேயே சேவ் பண்ணியும் விட்டாள்.

வீட்டுக்குப் போற ஒழுங்கை முகப்பில் பதாகையைக் கட்டியபோது அம்மா லூர்த்தம்மா அண்ணாந்து பார்த்து, "உது ஆர் பிள்ளை?" என்று கேட்டாள்.

ஒரு முகத்தை அப்படியே விடுவதற்குத்தான் லவீனா மிச்ச வருசங்களில் படித்தாள். இன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை எழுதாமல், தழும்பைத் திரும்ப வரைய அப்பாவின் படத்தைத் திறந்தாள்.

"அம்மா, தழும்பு வலப்பக்கம்தானே?"

"இல்லை, இடப்பக்கம்" என்றாள் லூர்த்தம்மா. பிறகு, மீன் வெட்டிய கையைத் தன் நெற்றிவரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

"பொறு பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்."